பீர்முகம்மது அப்பாவின் அடக்கத்தலமும் பாரசீக ஞானமரபும்

செஞ்சிக் கோட்டையைக் காணச் செல்லும் ஆராய்ச்சியாளர் பலர், அதற்கு வடபால் அமைந்துள்ள சீயமங்கலத்தையும் அப்பயணத்திலேயே கண்டு வருதல் வழக்கம். சீயமங்கலத்தில் மகேந்திரவர்ம பல்லவன் 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடைவித்த சிவன் கோயில் உளது. அதன் தூணில் கிரந்த எழுத்தாற் பொறிக்கப்பெற்ற வடமொழிச் சாசனம் அக்கோயிலை அவனிபாஜன பல்லவேச்சுரம் என்று கூறும். அங்கு நின்று செஞ்சிக்கு வந்தால், கோட்டையினுள் சாதத்துல்லாகான் பள்ளிவாசலில் பாரசீக மொழிச் சாசனத்தைக் காண்கின்றோம். இதன் காலம் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கம். இரண்டு சாசனங்களுக்கும் இடையே ஆயிரத்து நூறு ஆண்டுகள் கழிந்துள்ளன. மொழி வேறு; எழுத்து வேறு; சமயமும் வேறு. எனினும் இரண்டற்கும் ஓர் ஒற்றுமை உண்டு. சுற்றி வாழ்ந்த உழவனுக்கு இரண்டும் விளங்காதவை. அரசன் மொழி கல்லில் நிற்க, குடிகளின் மொழி அதன் அருகே நடமாடியது.

பாரசீகம் தமிழ்நாட்டிற்குள் புகுந்த வாயில்களுள் செஞ்சி தலையாயது என்பதில் ஐயமில்லை. 1649இல் பீசப்பூர்ச் சுல்தானின் படை செஞ்சி நாயக்கரிடமிருந்து கோட்டையைக் கைப்பற்றியது. 1677இல் சிவாசி அதனைக் கொண்டார். 1690இல் தொடங்கிய ஔரங்கசீப்புப் படையின் முற்றுகை 1698இல் முடிந்தது. 1714இல் தேசிங்கு வீழ்ந்தபின் ஆர்க்காட்டு நவாபின் ஆட்சி நிலைத்தது. இவ்வாட்சிகளில் அலுவல் மொழியாய் அமைந்த பாரசீகம் தமிழுக்கு விட்டுச் சென்ற சொற்களை நோக்குக: சர்க்கார், தர்பார், பந்தோபஸ்து, தஸ்தாவேசு, சிப்பாய். வரி தண்டுவோனும் படை நடத்துவோனும் வழங்கிய சொற்கள் இவை. இவற்றைக் கொண்டு பாரசீகத்தின் தாக்கத்தை அளந்து முடித்துவிடும் போக்கு நம்மிடையே உண்டு. அது போதாது என்பது எம் கருத்து. கோட்டை வழியாக வந்த பாரசீகம் ஒன்று; தர்கா வழியாக வந்த பாரசீகம் மற்றொன்று. முன்னது கல்லிலும் கணக்கேட்டிலும் தங்கியது. பின்னது தமிழ்ப் பாட்டாக மாறிற்று. அம்மாற்றத்தைக் காணுதற்கு யாம் தேர்ந்துகொண்ட இடம் தக்கலை.

தர்கா என்னும் சொல்லே ஈண்டு முதலில் நோக்கற்பாலது. பாரசீகத்தில் 'தர்' என்பது வாயில். 'காஹ்' என்பது இடம். அரசன் அவைக்குரிய வாயிற்களத்தை முதலில் உணர்த்திய அச்சொல், பின்னர் இறைநேயர் அடக்கமுற்ற இடத்திற்கும் பெயராயிற்று. கோ வாழும் இல்லத்தைக் குறித்த 'கோயில்' நம் மொழியில் இறைவன் உறையுமிடத்திற்கு உரியதாய் வளர்ந்த வரலாற்றோடு இதனை ஒப்பிட்டால், இருமொழி மக்களின் உள்ளப்போக்கும் ஒருவழிப்பட்டமை புலனாகும். 'பீர்' என்பதும் பாரசீகச் சொல்லே; முதியோர் என்னும் பொருளினின்று ஞானாசிரியர் என்னும் பொருளுக்கு வந்தது. அடக்கத்தலங்களில் நிகழும் விழாவைக் 'கந்தூரி' என்கின்றோம். அது உணவு பரப்பும் விரிப்பைக் குறித்த பாரசீகச் சொல். 'மஸ்தான்' என்பது மதுவுண்டார்போல் மயங்கியோர் எனப் பொருள்படும். இவை நான்கும் தமிழ்நாட்டு மீனவனும் நெசவாளனும் அன்றாடம் வழங்குவன. அலுவலகத்திற்கு உரியன அல்ல.

இனி, இதற்கு எதிரான சான்றும் உண்டு. அதனை மறைத்தல் முறையன்று. வடநாட்டு இசுலாமியர் வழிபாட்டை 'நமாஸ்' என்றும் நோன்பை 'ரோசா' என்றும் பாரசீகச் சொற்களால் வழங்குவர். தமிழ் முசுலிம்களோ தொழுகை, நோன்பு, பள்ளிவாசல் எனத் தூய தமிழ்ச்சொற்களையே ஆள்கின்றனர். கடல்வழி அரபு நாட்டோடு நேரே தொடர்புகொண்ட சமுதாயம் ஆதலின், பாரசீகத்தின் இடைநிலை அதற்குத் தேவைப்படவில்லை. ஆகவே தமிழ்ச் சூபி இலக்கியத்தைப் பாரசீகத்தின் நேர்வழித் தோன்றலாகக் காட்டுவோர் கூற்றை அப்படியே ஏற்றுக்கொள்ள இயலாது.

இவ்விடத்தில் இலக்கண மாணவர்க்குப் பயன்படும் ஒரு நுட்பம் உளது. சரீஅத்து, தரீக்கத்து, ஹகீக்கத்து, மஃரிபத்து என்பன ஞானநெறியின் நான்கு படிகள். அரபியில் இவை நிறுத்தி ஒலிக்கும்போது ஈற்றுத் தகரம் கெட்டு, 'சரீஆ', 'தரீக்கா' எனவே ஒலிக்கும். பாரசீகமோ தகர ஈற்றையே பெரும்பாலும் போற்றும். அடக்கத்தலத்தைக் கண்டு வணங்கி வருதலைத் தமிழ் முசுலிம்கள் 'சியாரத்து' என்பதும் அவ்வாறே. இதுகொண்டு இச்சொற்கள் யாவும் பாரசீகத்தின் வழியே வந்தன என்று முடிவு கட்டலாமோ எனின், ஆகாது. அரபியில் எழுவாய் வேற்றுமையில் நிறுத்தாது ஓதுங்கால் 'அத்து' என்னும் ஒலி தானே தோன்றும். குற்றியலுகர ஈற்றை விரும்பும் தமிழ் அதனை எளிதில் ஏற்றிருத்தல் கூடும். ஈற்றொலி ஒன்றையே பற்றி வந்த வழியைத் துணிதல் அரிது என்பதே இதனால் பெறப்படும்.

பாரசீக ஞானக்கவிஞரின் அடக்கத்தலம் என்றதும் உலகம் நினைப்பவை சீராசும் கோனியாவும் ஆகும். சீராசில் ஹாபீசு 1390ஐ ஒட்டி மறைந்தார். 1773இல் கரீம்கான் அங்கு இட்ட சலவைக்கல்லில் ஹாபீசின் பாடலே பொறிக்கப்பட்டுள்ளது. இன்று காணப்பெறும் எட்டுத்தூண் மண்டபம் 1935இல் எழுந்தது. கோனியாவில் 1273 திசம்பர் 17இல் மறைந்த ரூமியின் அடக்கம் உளது. துருக்கியில் 1925இல் ஞானியர் மடங்கள் சட்டத்தால் மூடப்பட்டன. ரூமியின் தலம் 1927இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பெற்றது. ரூமி பாடியது பாரசீகத்தில். அவர் அடக்கத்தைக் காண வரும் துருக்கிய மக்களுக்கு அப்பாடல் மொழிபெயர்ப்பின்றி விளங்குவதில்லை. நம் நாட்டில் தில்லியில் 1325இல் மறைந்த அமீர் குசுரு, தம் ஆசான் நிசாமுத்தீன் அருகிலேயே அடக்கம் பெற்றுள்ளார். அங்குக் கவ்வாலி இசை ஒலிக்கின்றது. இம்மூன்று தலங்களையும் உளத்திற்கொண்டே தக்கலையை அணுகினோம். கவிஞன் அடக்கத்தில் அவன் கவிதைக்கு என்ன நேர்கின்றது என்பதே எம் வினா.

தக்கலை நாகர்கோயிலினின்று திருவனந்தபுரம் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள ஊர். 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகராய் விளங்கிய பதுமநாபபுரம் அதன் அருகே உளது. 1956 நவம்பர் முதல்நாள் வரை இப்பகுதி தமிழகத்தின் ஆட்சியெல்லைக்குள் இருந்ததில்லை. மலையாளம் அரசுமொழியாய் நின்ற நிலத்தில், அரண்மனைக் கோட்டைக்கு அணித்தே, தமிழ்ப்பாட்டைத் தன் வழிபாடாகக் கொண்ட ஓர் அடக்கத்தலம் மூன்று நூற்றாண்டு நிலைத்தமையை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பீர்முகம்மது அப்பா தென்காசியிற் பிறந்து, தக்கலையில் நெசவுத் தொழில் செய்து வாழ்ந்தவர் என்பது மரபு. மேற்குமலையில் தவமிருந்தார் என்றும், இன்றைய கேரளத்துப் பீருமேடு அவரால் பெயர் பெற்றது என்றும் கூறுவர். அவருக்குரியனவாக வழங்கும் நூல்கள் பல. ஞானப்புகழ்ச்சி, ஞானமணிமாலை, ஞானப்பால், ஞானப்பூட்டு, ஞானக்குறம், பிஸ்மில் குறம், மஃரிபத்து மாலை, ஈடேற்ற மாலை, திருமெய்ஞ்ஞானச் சரநூல் முதலியன அவற்றுட் சில. அவர் பாடிய பாடல்கள் பதினெண்ணாயிரம் என்னும் கணக்கை மதிப்பின் அளவாகக் கொள்வதே தக்கது, எண்ணிக்கையாகக் கொள்ளலாகாது. சித்தர் முதலாகப் பலர்க்கும் இவ்வாறு பேரெண் கூறுதல் நம்மவர் வழக்கு.

மாலை, குறம், குறவஞ்சி என்னும் வடிவங்களை நோக்குக. மலைக்குறத்தி கைபார்த்துக் குறி சொல்லும் நாடகத்தை எடுத்துக்கொண்டு, அவள் வாயிலாக மறைப்பொருள் கூறுவித்தல் எளிய செயலன்று. குறத்தி எல்லாத் தெருவிலும் நுழைபவள். எவ்வீட்டுப் பெண்ணிடமும் உரிமையோடு பேசுபவள். ஞானம் கற்றோர் அவையில் அடைபட்டிராது தெருவுக்கு வரவேண்டும் எனக் கருதிய ஒருவர்க்கு இவளினும் பொருத்தமான வாய் கிடைப்பது அருமை. 'பிஸ்மில்' என்னும் மறைத்தொடக்கத்தையும் 'குறம்' என்னும் சிற்றிலக்கியத்தையும் ஒரே தலைப்பில் இணைத்த துணிவை நாம் போதிய அளவு பாராட்டியதில்லை.

அடக்கத்தலத்தின் வாயிலில் மிதியடி களைந்து உட்புகுவார் முதலில் உணர்வது சந்தனமும் ஊதுவத்தியும் கலந்த மணம். போர்வை போர்த்த அடக்கத்தின் தலைமாட்டில் நின்று சிலர் வாய்க்குள் ஓதுவர். சிலர் பேசாது நிற்பர். சமய வேறுபாடு கருதாது மக்கள் வருகின்றனர். இவை எல்லாத் தர்காக்களுக்கும் பொது. தக்கலைக்கே உரிய சிறப்பு ஆண்டில் ஓரிரவில் வெளிப்படும். றஜபு மாதத்து ஆண்டு விழாவில், முழுநிலவையொட்டிய இரவில், ஞானப்புகழ்ச்சி முழுதும் பாடப்பெறுகின்றது. இரவு தொடங்கிய பாட்டு விடியலை நோக்கி நடக்கும். ஏட்டைக் கையில் ஏந்திப் பாடுவாரும், அதனை நோக்காதே உடன் பாடுவாரும், கேட்டுக்கொண்டே அமர்ந்திருப்பாரும் ஆக ஊரே அங்குத் திரளும்.

சீராசில் கவிதை கல்லில் நிற்கின்றது. தக்கலையில் அது நாவில் நிற்கின்றது. கேட்போருக்கு மொழிபெயர்ப்பாளன் வேண்டியதில்லை. அது அவர்கள் வீட்டுமொழி. தேவாரத்தை ஓதுவார் பாட, திவ்வியப் பிரபந்தத்தைக் கோஷ்டியார் சேவிக்க, அவற்றோடு ஒருங்குவைத்து எண்ணத்தக்க மூன்றாவது ஓதுமரபு இது. எனினும் தமிழிலக்கிய வரலாறு எழுதுவோர் முதலிரண்டையும் விரித்துரைத்து, இதனை அடிக்குறிப்பிலும் காட்டாது விடுதல் வருந்தத்தக்கது.

இவ்வோதுமரபு எவ்வாறு தொடங்கியது என்பதுபற்றித் தக்கலை வட்டாரத்தில் ஒரு கதை வழங்குகின்றது. அப்பாவின் பாடல்கள் மார்க்கநெறிக்கு மாறுபட்டவை எனச் சிலர் முறையிட, அக்காலப் பேரறிஞர் கீழக்கரைச் சதக்கத்துல்லா அப்பா அதனை ஆராய வந்தனராம். வந்தவர் ஞானியின் நிலையுணர்ந்து, அப்பாடல்கள் தொடர்ந்து ஓதப்பெறுதற்கு இசைந்தனராம். சதக்கத்துல்லா அப்பாவின் காலம் 1632 முதல் 1703 வரை. கதையை அவ்வாறே வரலாறாகக் கொள்ளுதல் வேண்டுவதில்லை. ஆயினும் இருவரையும் ஒரே காலத்தில் நிறுத்தும் அளவில் அது பீர்முகம்மதுவின் காலத்தை 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு ஈர்த்துச் செல்கின்றது. அன்றியும், சட்டம் கற்ற அறிஞர்க்கும் மெய்யுணர்வில் திளைத்த ஞானிக்கும் இடையே முரண் இருந்தது என்பதை அக்கதை மறைக்கவில்லை. அம்முரண் எவ்வாறு தீர்ந்தது என்பதை மக்கள் எவ்வாறு நினைக்க விரும்பினர் என்பதனையும் காட்டுகின்றது.

அதே காலத்துத் தில்லியை நோக்குக. பாரசீக நாட்டினின்று வந்து பாரசீகத்தில் நாலடிப் பாடல்கள் பாடித் திரிந்த ஞானி சர்மதை, 1661ஐ ஒட்டி, ஔரங்கசீப்பின் ஆட்சி கொன்றது. சும்மா மசூதியின் அருகே அவர் அடக்கம் இன்றும் மக்களால் வணங்கப்பெறுகின்றது. அதற்கும் முன்னரே, 922இல், பாரசீகத்திற் பிறந்த ஹல்லாசு பகுதாதில் உயிரிழந்தார். சர்மதைக் கொன்ற பேரரசின் படையே முப்பதாண்டு கழித்துச் செஞ்சி மதிலை வளைத்து நின்றது. அப்படை வந்த வழியே பாரசீக ஞானம் தமிழகத்திற்கு வந்தது எனக் கூறுவார், இம்முரண்பாட்டிற்கு விடை கூறக் கடமைப்பட்டவராவர். தக்கலைக்கு வந்த நெறி வேறு வழியது. பகுதாதில் 1166இல் மறைந்த முகியித்தீன் அப்துல்காதிரின் பெயரால் வழங்கும் காதிரிய்யா நெறியே தமிழ் முசுலிம் ஞானியர் பலர்க்கும் தலைநெறி. 'சீலானி' என்னும் அவர்தம் அடைமொழி, காசுபியன் கடற்கரைக் கீலான் நாட்டாற் பெற்றது. பாரசீக மண்ணிற் பிறந்து அரபியில் எழுதிய ஒருவரைத் தமிழில் பாடினர் நம் கவிஞர். மண் ஒன்று, மொழி ஒன்று, பாட்டு ஒன்று என மூன்றாய்ப் பிரிந்து வந்த மரபு இது.

இனி, பாரசீகப் பாடலின் பொருண்மை தமிழில் என்ன வடிவெய்தியது என்பதைச் சிறிது ஆராய்வோம். பாரசீக ஞானக்கவிதை மதுவைப் பேசும். கிண்ணத்தையும் அதனை வார்ப்பவனையும் பேசும். தக்கலை நெசவாளரோ தம் நூலொன்றற்கு 'ஞானப்பால்' எனப் பெயரிட்டார். சீகாழிக் குளக்கரையில் ஞானசம்பந்தர் பாலுண்ட வரலாற்றைக் கேட்டு வளர்ந்த தமிழ்ச்செவிக்கு அச்சொல் எத்தனை விரைவில் விளங்கியிருக்கும்! மதுவின் மயக்கம் பாலின் தெளிவாயிற்று என்று கூறத் தோன்றுகின்றது. ஆயினும் ஒரு தலைப்பைக் கொண்டு இத்தனை பெரிய முடிவு கட்டுதல் மிகையாகும் என்பதையும் உணர்வோம். கள்ளின் உவமை சித்தர் பாடல்களிலும் உண்டு. ஆகலின் பால் வந்தமை தமிழின் கட்டாயத்தால் அன்று, கவிஞர்தம் தேர்வினால் எனக் கொள்ளுதலே பொருந்தும்.

காதல்நெறியில் வேறுபாடு இன்னும் தெளிவானது. ஆழ்வாரும் நாயன்மாரும் இறைவனைத் தலைவனாக்கித் தம்மைத் தலைவியாக்கினர். பாரசீகக் கவிஞன் தன்னை மாற்றிக்கொள்வதில்லை. காதலிக்கப்படும் பொருளையே இறைமையாக்குவான். அம்மொழியில் படர்க்கைப் பெயர் ஆண் பெண் பால் காட்டாமையால், அப்பொருள் யார் என்னும் ஐயம் தீராதே நிற்கும். அவ்வையமே அக்கவிதையின் அழகு. தமிழில் படர்க்கை ஒருமை வினைமுற்றுப் பெரும்பாலும் பால்காட்டியே அமையும். அவன் என்பதோ அவள் என்பதோ ஒன்றைத் தேர்தலே பெரும்பாலும் நேரும். 1792இல் தொண்டிக்கு அருகே குணங்குடியிற் பிறந்து 1838இல் சென்னையில் மறைந்த குணங்குடி மஸ்தான் சாகிபு இவ்விடர்ப்பாட்டைத் தீர்த்த முறை வியக்கத்தக்கது. அவர் தம் கண்ணியில் மனோன்மணியைக் காதலியாக விளித்தார். காதலிக்கும் முறை பாரசீகத்தது. காதலியின் பெயர் சைவ யோகநூல்களுக்கு உரியது. இவ்வொரு கண்ணியில் இருமரபும் கைகோத்தன. பாடலிறுதியில் கவிஞன் தன் பெயர் பொறித்தலையும் சிலர் பாரசீகக் கசலின் சாயல் என்பர். அது பொருந்தாது, திருக்கடைக்காப்புப் பாடிய சம்பந்தரே அதற்கு முன்னோடி.

மஸ்தானின் அடக்கம் வடசென்னையில் உளது. அவர் தொண்டியினின்று வந்தமையால் அப்பகுதி தொண்டியார்பேட்டை ஆயிற்று எனக் கூறும் கதை நூல்களிலும் ஏறிவிட்டது. 1693இல் ஆங்கிலக் கும்பினியார் பெற்ற ஊர்களுள் தொண்டியார்பேட்டையும் ஒன்று. கவிஞர் பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டு முன்னரே ஊர்ப்பெயர் வழங்கிற்று ஆதலின், அக்கதை பின்னெழுந்தது என்பது வெளிப்படை. பீருமேட்டுக் கதையை ஏற்பாரும் இதனை மனத்திற் கொள்வாராக.

பீர்முகம்மதுவைச் சித்தருள் ஒருவராக எண்ணும் வழக்கும் நம்மிடையே உண்டு. அவர் பெயரால் வழங்கும் ஞானரத்தினக் குறவஞ்சி சித்தர் பாடற்றொகைகளில் இடம்பெற்றுள்ளது. சொல்லமைப்பும் யோகக் குறியீடும் ஒத்திருத்தலின் தொகுத்தோர் அவ்வாறு சேர்த்தமை குற்றமன்று. ஆனால் அத்தொகையில் மட்டும் அவரைக் கற்கும் மாணவன், நபிநெறியையும் நான்கு படிகளையும் அறியாதே அவர் பாடலுக்கு உரைகாண முற்படுவான். மறுதலையாக, அவரை இசுலாமிய இலக்கியம் என்னும் தனியறையில் வைத்துப் பூட்டுவோர், அவர் மூச்சுப்பயிற்சியைச் 'சரநூல்' எனப் பெயரிட்டுப் பாடியதன் பின்னணியாகிய தமிழ் யோகமரபை மறந்துவிடுவர். இருதிறத்தாராலும் நூல் பாதியே படிக்கப்படுகின்றது.

இதற்கு மாற்று, செம்மையான ஆய்வுப் பதிப்பு ஒன்றே. பொதுவாக நாம் ஏட்டுச்சுவடிகளையும் பழைய அச்சுநூல்களையும் ஒப்புநோக்கிப் பாடம் துணிகின்றோம். ஞானப்புகழ்ச்சிக்கு அவற்றொடு மூன்றாவது சான்றும் உண்டு. அது விழா இரவில் பாடுவோரின் குரல். அச்சுக்கோப்பவன் அரபுச் சொல்லைத் தன் செவிக்கேற்பத் திரித்திருக்கலாம். தலைமுறையாக ஓதி வந்த முதியவர் அதனைச் சரியாகவே ஒலித்துக்கொண்டிருக்கலாம். இதற்கு மாறாக, இசைக்கு இடந்தர வேண்டி ஓதுவோர் அசையை நீட்டியோ குறுக்கியோ பாட, அச்சு மூலத்தையே காத்திருத்தலும் கூடும். ஓரிரவு முழுமையும் ஒலிப்பதிவு செய்து, அடிதோறும் பாடவேறுபாடு குறித்து, ஓதுவோர் கொள்ளும் சீர்பிரிப்பையும் அசையழுத்தத்தையும் தனியே காட்டினால், தமிழ் யாப்பிற்கும் அரபுச் சொல்லின் தமிழ் வடிவிற்கும் ஒருங்கே சான்று கிடைக்கும். அரபும் பாரசீகமும் கற்ற ஒருவரும், சித்தர் நூலிற் பயிற்சியுடைய ஒருவரும், இசையறிந்த ஒருவரும் சேர்ந்து செய்யவேண்டிய பணி இது. முதுகலை மாணவர் ஒருவர் ஒரு பதிகத்தை எடுத்துக்கொண்டு தொடங்கினாலும் போதும். றஜபு மாதம் பிறைக்கணக்கில் வருவதால் ஆண்டுக்குப் பத்து அல்லது பதினொரு நாள் முன்னேறிக்கொண்டே செல்லும். பதிவு செய்யச் செல்வார் ஆண்டுதோறும் நாளைக் கேட்டறிந்து செல்லுதல் வேண்டும்.